கச்சான் காற்றும் ஜப்பானியக் கோப்பையும்

கறுப்புத் தேயிலையை ஜப்பானியர் கறுப்பு என்று சொல்வதில்லை. இலையின் நிறத்தை விட்டுவிட்டுக் கோப்பையில் இறங்கும் சாயத்தின் நிறத்தைப் பார்த்து, ‘கோச்சா’, அதாவது செந்தேநீர் என்று பெயரிட்டார்கள். அந்தச் செந்தேநீரில் உலகின் மூன்று பெரியவை என அங்கே தேநீர்க் கடைகளும் தேநீர் நூல்களும் ஒரு வரிசை சொல்லும்: இந்தியாவின் டார்ஜிலிங், சீனாவின் கீமுன், இலங்கையின் ஊவா. வேறு நாடுகளில் இந்த வரிசைக்கு அவ்வளவு புழக்கம் இல்லை. இதை ஜப்பானியரின் கணிப்பு என்றே கொள்ள வேண்டும். பச்சைத் தேநீரில் ஊறிய ஒரு நாடு, பதுளையையும் பண்டாரவளையையும் சுற்றியுள்ள மலைகளின் பெயரை இப்படித் தன் அன்றாடப் பேச்சில் சேர்த்துக்கொண்டதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் அந்தப் பெயர் ‘உபா’ என்று ஒலிக்கும். அதே ஒலியில் செவிலித்தாயைக் குறிக்கும் சொல்லும் அந்த மொழியில் உண்டு.

ஊவாவில் முதலில் வேரூன்றிய பணப்பயிர் கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையில் மஞ்சள் பொடி படிந்தது. இலைத்துரு நோய் என அது பின்னர் அறியப்பட்டது. இருபது ஆண்டுக்குள் இலங்கைக் கோப்பி அழிந்து, அந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது. 1890இல் கிளாஸ்கோ மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலுள்ள தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். மாட்டுவண்டியில் இறங்கிய பெட்டிகளை இரயில் ஏற்றுக்கொண்டது. பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. அங்கிருந்து பதுளையை எட்ட 1924 ஆயிற்று. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி வளைந்து தன் அடியிலேயே புகுந்து போவதைப் பார்த்தால் அந்தத் தாமதம் விளங்கும்.

ஊவாவின் சுவைக்குக் காரணம் மண்ணைவிடக் காற்று. தென்மேற்குப் பருவமழை அற்றன், நுவரெலியா பக்கத்து மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிடும். ஈரத்தை இழந்த காற்று மலையின் ஊவாப் பக்கம் இறங்கும்போது சூடேறி, வறண்டு வீசும். இதுதான் கச்சான். நிலக்கடலைக்கும் இலங்கைத் தமிழில் அதே பெயர்தான் என்பதால் புதிதாக வருபவர்கள் சற்றுக் குழம்புவார்கள். கொழும்பின் தேயிலைத் தரகர்களும் தங்கள் ஆங்கில அறிக்கைகளில் இந்தத் தமிழ்ச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்றில் செடி வளர்ச்சி ஒடுங்கும், தளிர் குறுகும், இலைக்குள் மணப்பொருள்கள் செறியும். அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். மூட்டுவலிக்குத் தடவும் தைலங்களின் குளிர்ந்த, மூக்கைத் துளைக்கும் வாசனையும் இதே பொருளால் வருவதுதான். தைலவாசனை வீசும் தேநீர் என்றால் முகஞ்சுளிப்பவர் உண்டு. ஜப்பானிய ரசிகர்கள் ‘ஊவா ஃபிளேவர்’ என்று கொண்டாடுவது அதைத்தான். புதியவருக்கு விளக்க அவர்கள் வலிக்கு ஒட்டும் பட்டையின் வாசனையைச் சொல்வதும் வழக்கம்.

இந்த ரசனை ஒரே நாளில் வந்ததல்ல. இசே பகுதியைச் சேர்ந்த கப்பல் தலைவர் தைகொகுயா கொதாயு, புயலில் அடிபட்டு 1783இல் ரஷ்யர் நடமாடிய அலூசியத் தீவொன்றில் ஒதுங்கினார். ஏறத்தாழப் பத்தாண்டு ரஷ்யர்களிடையே கழித்தார். 1791 நவம்பரில் அரசி இரண்டாம் கத்தரீனின் தேநீர் விருந்தில் அவர் செந்தேநீர் அருந்தினார் என்று சொல்லி, ஜப்பான் தேயிலைச் சங்கம் 1983இல் நவம்பர் 1ஐச் செந்தேநீர் நாளாக்கியது. திசை தவறிப் போன ஒருவர் அயல் மண்ணில் கண்ட பானம் என்பதால் கதை நிலைத்துவிட்டது. உண்மையான வணிகம் அதற்கு நெடுநாள் கழித்துத்தான். மெய்ஜி அரசு செந்தேநீரை இறக்குமதி செய்வதைவிடச் செய்து விற்கவே விரும்பியது. ஷோகுனிடம் பணிபுரிந்துவிட்டுப் பின்னர் தேயிலை விவசாயியாக மாறிய தாதா மொதோகிச்சியை 1875இல் சீனாவுக்கும் அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் அனுப்பித் தொழில் கற்கவைத்தது. 1887இல் முதன்முதலாக 100 கிலோ செந்தேநீர் இறக்குமதியானது. 1906இல் மெய்திய நிறுவனம் லிப்டனின் மஞ்சள் தகர டின்னைக் கொண்டுவந்தது. அப்புத்தளை மலையில் பறித்த இலைக்கு ஜப்பானில் முதலில் கிடைத்த பெயர் லிப்டனுடையது. ஊவாவின் முறை வர இன்னும் காலம் இருந்தது.

அந்தக் காலம் 1971இல் வந்தது. அதுவரை உள்நாட்டு உற்பத்தியைக் காக்கக் கட்டுப்படுத்தியிருந்த இறக்குமதியை அரசு அந்த ஆண்டு திறந்துவிட்டது; உள்நாட்டுச் செந்தேநீர் போட்டியிட முடியாமல் ஒடுங்கிற்று. இலங்கை இலை தாராளமாக வந்ததும் குடிப்பவர்கள் தோட்டங்களைப் பிரித்தறியத் தொடங்கினார்கள். ‘கிஸ்ஸாத்தென்’ எனப்படும் சிறிய தேநீர், காப்பிக் கடைகளில் மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் பழக்கம் இதற்குக் கைகொடுத்தது. பாலில் காய்ச்சும் ‘ரோயல் மில்க் டீ’ என்ற வகை 1965இல் கியோத்தோவின் தேநீர்க் கடையில் பிறந்தது என்பார்கள். பெயரைக் கேட்டு இங்கிலாந்தில் தேடினால் கிடைக்காது. அது முழுக்க ஜப்பானியச் சரக்கு. பாலுக்கு அடங்காத காரம் ஊவாவுக்கு உண்டு என்பதால் அந்தக் கோப்பைக்கு அது பொருந்தியது.

பால் சேர்க்காமல் குடிப்பவர்களோ முதலில் பார்ப்பது விளிம்பை. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் நல்ல ஊவாவை ஊற்றினால், சிவந்த சாயம் கோப்பையைத் தொடும் ஓரத்தில் மெல்லிய பொன்வளையம் தெரியும். மங்கலான வளையம் என்றால் விலை இறங்கும். கொழும்பு ஏலத்தில், 1883இல் தொடங்கிய அதே ஏலத்தில், கச்சான் பருவத்து ஊவாவுக்கு ஜப்பானியரும் ஜெர்மானியரும் போட்டியிடுவதுண்டு.

தோட்டத்தில் அதே பருவத்தின் தோற்றம் வேறு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டி மலையேறும் பெண்களுக்குக் காற்று கண்ணில் புழுதி வீசும், உதடு வெடிக்கும். செடியின் மட்டம் காட்டும் மட்டக்கம்பை வைத்துப் பார்த்தால் அதற்கு மேலே நீளும் தளிர் சொற்பம். ஏலத்தில் இலைக்கு விலை உச்சத்தில் இருக்கும் அந்த வாரங்களில்தான் கூடை மிகவும் இலேசாக இறங்குகிறது. சம்பளமோ கிலோவைப் பார்ப்பது, மணத்தைப் பார்ப்பதில்லை. நிர்ணயித்த நிறை வராத நாளுக்கு ‘அரைப்பேர்’, அதாவது அரைநாள் சம்பளம், விழுவது தோட்டங்களின் பழைய மனக்கசப்பு. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என வர்த்தமானியில் வந்ததே 2021இல்தான். லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பினால் அடுப்பில் கொதிப்பது தூள் தேயிலை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கியபடி குடிக்கும் அந்தச் சாயத்தண்ணியில் பொன்வளையத்தைத் தேடுபவர் எவரும் இல்லை.

1986இல் கிரின் நிறுவனம் ‘கோகோ நோ கோச்சா’ என்ற பிளாஸ்டிக் போத்தல் தேநீரை இறக்கிய பிறகு செந்தேநீர் ஜப்பானின் தெருவோர விற்பனை இயந்திரங்களுக்குள்ளும் புகுந்தது. அதற்கும் இலங்கை இலைதான் பெரிதும் போகிறது. 2013 முதல் அந்த நிறுவனம் இங்குள்ள தோட்டங்கள் சுற்றாடல் சான்றிதழ் பெறவும் உதவி வருகிறது. ஆனால் போத்தல் தேநீரில் பருவம் தெரியாது. பருவத்தைத் தேடுபவர்கள் இன்னும் சிறு கடைகளுக்கே போகிறார்கள். இலையுதிர் காலத்தில் அங்கே புதிய ஊவா வந்து சேரும். பொதியின் மேல் தோட்டத்தின் பெயர், தரம், ஆண்டு ஆகியவை அச்சாகியிருக்கும்: அயிஸ்லாபி, டிக்வெல்ல, ஊவா ஹைலண்ட்ஸ், ஷோலண்ட்ஸ். மலையில் இருப்பவர்கள் தங்கள் தோட்டங்களுக்குத் தமிழில் வேறு பெயர்களும் வைத்திருக்கிறார்கள். அவை அந்தப் பொதிகளில் இல்லை.