பத்மினியும் பத்து டிகிரியும்

2004-இல் மும்பைக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கினேன். 1089 சிசி, நாலு சிலிண்டர். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் எஞ்சினுக்குள் யாரோ கோலிகுண்டு போட்டுக் குலுக்குவது மாதிரி சத்தம். மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, இடது கையால் ஒரு நூல் அளவு திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். முடுக்கினார். "ஹோ கயா சாப்". அவ்வளவுதான்! மீட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை.

நான் பி.காம். படித்தவன். அவர் என்னதான் செய்தார் என்று தேடிப்போனதில் கிடைத்தது ஒரு நூற்றாண்டுக் கதை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பொறி விழுந்தவுடன் பெட்ரோல் முழுசாக எரிந்துவிடாது. 2 மில்லி செகண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் அந்த நேரத்தில் அது ஏறக்குறைய 10 டிகிரி திரும்பிவிடும். 3000 சுற்றில் 36 டிகிரி! ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழவேண்டும்; வேகம் கூடக்கூட இன்னும் முன்னால். (நிஜத்தில் வேகம் கூடினால் எரிவதும் கொஞ்சம் விரைவாகும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.) பொறி பிந்தினால் வண்டி இழுக்காது, பெட்ரோல் வீண். ரொம்ப முந்தினால் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடிக்கும். அதுதான் என் கோலிகுண்டுச் சத்தம். தொடர்ந்து அப்படியே ஓட்டினால் பிஸ்டனே ஓட்டையாகும்.

ஆரம்பத்தில் இந்த வேலை ஓட்டுநர் தலையில்தான் இருந்தது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு நெம்புகோல்கள். வலதுபக்கம் பெட்ரோலுக்கு, இடதுபக்கம் பொறிக்கு. பொறி நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள மறந்து ஹேண்டில் போட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்படிக் கை முறிந்தவர்கள் ஏராளம்.

1910-இல் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் பாட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட இக்னிஷனை கேடிலாக் காரில் கொண்டுவந்தார். பிறகு எடைக்குண்டுகளும் வாக்யூம் டப்பாவும் சேர்ந்து, பொறியை முன்னே பின்னே தள்ளும் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டன. மெக்கானிக் ஆரம்பப் புள்ளியை மட்டும் சரியாக வைத்தால் போதும். நம் அம்பாசடரும் பத்மினியும் இந்த வம்சம்தான்.

கதையின் கசப்பான பகுதி இனிமேல்தான்.

எஞ்சினின் அந்தத் தட்டல் சத்தத்துக்குக் கெட்டரிங்கின் பாட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பழி சொன்னவர்கள் உண்டு. டைமிங்கைப் பின்னுக்கு வைத்தால் சத்தம் அடங்கும், ஆனால் சக்தி குறையும். சக்தியும் வேண்டும், சத்தமும் கூடாது என்றால்? கெட்டரிங்கின் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் விடை கண்டுபிடித்தார்: பெட்ரோலில் ஈயம் கலப்பது. ஆல்கஹால் கலந்தாலும் சத்தம் அடங்கும் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் ஈயத்தில் துளி போதும், காப்புரிமையும் கிடைக்கும். 1924-இல் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஈய விஷத்தால் 5 தொழிலாளிகள் இறந்தார்கள். அப்படியும் வியாபாரம் நிற்கவில்லை.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 பிப்ரவரியில். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல். ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தொடும். அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, சிக்னலில் புகையை முகர்ந்தபடி பள்ளிக்குப் போன தலைமுறை நாம். எத்தனை பேருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எந்த லெட்ஜரிலும் எழுதப்படவில்லை.

இன்றைய கார்களில் எஞ்சின் பிளாக்கில் ஒரு சென்சார் இருக்கிறது. தட்டல் கேட்டதும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அது அந்தக் கணமே பொறியைப் பின்னுக்கு இழுக்கும். என் மெக்கானிக் காதைச் சாய்த்துச் செய்த அதே வேலை! 2023 அக்டோபர் 30-ஓடு பத்மினி டாக்ஸிகளும் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன.

அன்று அவர் என்னிடம் வாங்கியது ஐம்பது ரூபாய். அதிகம் என்று நினைத்துப் பேரம் பேசியது இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சத்தத்தை அடக்க ஒரு நூல் அளவு திருப்பினால் போதும் என்று அறிந்த மனிதர் அவர். அந்தத் திருப்பலில் போகும் கொஞ்சம் சக்தியை விட மனமில்லாமல், உலகம் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் விஷத்தை ஊற்றிக்கொண்டிருந்தது.