குழந்தை, வளரிளம் பருவ மனநலமும் மூளை வளர்ச்சியும்: பேரையூர் வட்டாரம்

பேரையூர், மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி. அதே பெயருள்ள வட்டத்தின் தலைமையிடம். மதுரையிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவு. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி நிலம் மிகுதி. மதுரைச் சமவெளியின் பிற ஊர்களைப் போலவே இங்கும் பிள்ளைகளின் வயிற்றைக் கவனிக்கும் ஏற்பாடுகள் ஊருக்குள் வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மனசைக் கவனிக்கும் மருத்துவத்துக்கோ இன்றும் பெரும்பாலும் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைப் பார்க்காமல் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேச முடியாது.

முதல் ஆண்டுகள்

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அளவுதான். ஓராண்டில் அது இரு மடங்காகிறது. ஐந்து வயதில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. இரும்புச்சத்து, அயோடின், புரதம், தூக்கம் ஆகியவற்றோடு இன்னொன்றும் இந்த வளர்ச்சிக்குத் தேவை: குழந்தை எழுப்பும் சத்தத்துக்கு யாராவது மறுமொழி சொல்ல வேண்டும். அப்பத்தா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். பிள்ளை 'ங்கா' என்றால் அவரும் 'ங்கா' என்பார். அது சிரிக்கும்வரை விடமாட்டார். மூளையின் நரம்பிணைப்புகளை வலுப்படுத்துவதாக இன்றைய அறிவியல் சொல்லும் கொடுக்கல் வாங்கல் இதுதான். அப்பத்தா இல்லாத வீட்டில், கையில் செல்போன் கொடுத்துச் சோறூட்டும்போது பிள்ளைக்குப் படம் கிடைக்கிறது, பதில் கிடைப்பதில்லை.

உணவைப் பொறுத்தவரை மதுரை மாவட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் இம்மாவட்டத்தில்தான் தொடங்கியது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்துவது அதன் முறை. பிள்ளை மெலிந்த பிறகு ஊட்டுவதைவிட, மெலியப் போவதை எடைக்கோட்டில் முன்கூட்டியே கண்டுபிடிப்பது பெரிய காரியம். அதைச் செய்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் மதுரையில்தான் தொடங்கப்பட்டது. களைவெட்டுக்கு விடியலிலேயே கிளம்பும் தாயின் பிள்ளை, முதல் பாடவேளையில் பசியோடு கரும்பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தின் பெரிய பயனாக இதையே சொல்ல வேண்டும்.

பேச்சு தாமதமானால் 'ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசும்' என்று ஆறுதல் சொல்வதும், நாக்கில் வசம்பு உரசித் தடவுவதும் இங்கே வழக்கம். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். ஆனால் ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா, ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து இதைச் சோதிக்க வேண்டும். வளர்ச்சி பின்தங்கிய பிள்ளைகளை மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதோடு முடிவதில்லை. பயிற்சிக்கு வாரந்தோறும் மதுரை போய்வரும் தாய் அன்றைய கூலியை இழக்கிறாள். நாலு வாரத்துக்குப் பிறகு நின்றுவிடுகிறாள். அவளைக் குறை சொல்வது நியாயமில்லை.

வளரிளம் பருவம்

மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள் தலைகாட்டுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இந்தியாவில் 13 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. முடிவெடுக்கவும் கோபத்தை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. வளரிளம் வயதுப் பிள்ளையிடம் 'உனக்கு அறிவில்லையா' என்று கேட்பது, பாதி கட்டிய வீட்டில் ஏன் கூரை இல்லை என்று கேட்பதாகும்.

படிப்பில் திடீர்ச் சரிவு, தூங்காமை, சாப்பாட்டை ஒதுக்குதல், கூட்டாளிகளை விட்டு விலகுதல், காரணமில்லாத வயிற்றுவலி ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்களாக இருக்கலாம். பெண்பிள்ளை என்றால் காத்துக் கருப்பு என்று கோடாங்கியிடம் அழைத்துப் போகிறார்கள். ஆண்பிள்ளை என்றால் திமிர் என்று அடிக்கிறார்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக்கே உரிய இன்னொரு காயமும் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பப்பட்டு, அடுப்புச் சூட்டில் நள்ளிரவுவரை வேலை பார்த்த சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்திகள் பல முறை வந்துள்ளன. மீண்டு வந்த சிறுவனுக்குப் பள்ளிச் சேர்க்கை கிடைக்கலாம். அவன் ராத்திரி பதறி எழுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கும் ஊர் இது. அதைப் பூட்டிச் சாவியைப் பெரியவர் கையில் வைத்திருப்பது பிள்ளைகளின் உயிரைக் காக்கும் வழிகளில் ஒன்று. 'சாகணும்போல இருக்கு' என்று பிள்ளை சொன்னால் அதைப் பயமுறுத்தல் என்று தள்ளக் கூடாது. எப்போதிருந்து அப்படித் தோன்றுகிறது என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

சேவைகள்

தேசிய மனநலத் திட்டம் 1982இல் உருவானது. 1996 முதல் அது மாவட்டத் திட்டமாக விரிந்தது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் மதுரையில் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, மருத்துவத்தை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுசெல்வதில் முன்னோடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதன் பிறகே இந்தப் பகுதியில் சிகிச்சை பற்றிய பொதுப்பேச்சு வலுத்தது.

இன்று எந்நேரமும் அழைக்க 14416 என்ற மனநல உதவி எண்ணும், குழந்தைகளுக்கு 1098 எண்ணும் உள்ளன. அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைக்கப்பட்டது. ஆனால் பல வீடுகளில் ஒரே போன்தான். சாயங்காலம் அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பெண் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் டீச்சரிடம்தான், மற்ற பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்குப் போன பிறகு, வகுப்பறை வாசலில் நின்றபடி.