முதுகின் தட்டும் குருதியின் சாட்சியும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையும் அதனோடு நின்றது. எல்லை புதிதாயிற்றேயன்றி, அவ்வூர்களின் தொழில்கள் பழையனவே. பனையேறுவோர் ஒருபுறம், பாலராமபுரத்து நெசவாளர் மறுபுறம். பாலராம வர்மா மகாராஜா ஆண்ட காலத்தில் (1798–1810) தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பெற்ற சாலியர் குடிகள் இவர்கள். பிழைப்பின் பொருட்டு வேற்றுமொழி நாட்டில் வாழும் நமக்கு இவர்கள் முன்னோடிகள் என்றே கூறலாம்.

குழித்தறியில் கால்களை இறக்கி, நாள் முழுதும் முன் குனிந்திருப்பவர்க்கு இடுப்புவலி வராதிருக்குமா? வந்தபோது அவர்கள் நாடியது வர்ம ஆசான்களை. ஆசான் விரலால் தொட்டறிந்து, எண்ணெயிட்டுத் தடவிக் கட்டுப்போடுவார். வலியின் இருப்பிடம் கைக்குத் தெரியும் என்பது அவர்களது துணிபு.

மேனாட்டு மருத்துவம் அவ்விருப்பிடத்தை நெடுங்காலம் கண்டிலது. 1934ஆம் ஆண்டில்தான் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே காலுக்கு ஓடும் வலியின் காரணம் என்று எடுத்துக்காட்டினர். பின்னர் எம்.ஆர்.ஐ. படம் வந்து தட்டுகளைக் கண்முன் நிறுத்தியது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். முதுகுவலியே அறியாதவர்களின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் காணப்பட்டது. படத்தில் தேய்வு தெரிவது வேறு. அதுவே வலிக்குக் காரணமாவது வேறு.

தறியின் மீது முழுப்பழியையும் சுமத்துவதற்கும் இல்லை. 1995இல் பின்லாந்து நாட்டு ஒற்றைக்கரு இரட்டையர் 115 இணைகளை ஆராய்ந்தோர், தட்டின் தேய்வில் உழைப்பின் சுமையைவிடப் பிறப்பின் பங்கே பெரிதெனக் கண்டனர். வெளிச்செயலைவிட உள்ளமைப்பு பெரிதாயின், அதன் அடையாளத்தைக் குருதியில் தேடலாமே என்ற எண்ணம் வலுப்பெறுவது இயல்பே.

ஆயினும் வளர்ந்தவரது தட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாயே கிடையாது. குருதி எட்டாத பொருளைப் பற்றிக் குருதி எங்ஙனம் சாட்சி சொல்லும்? இதற்கு விடை கிடைத்த வழி வேடிக்கையானது. நம் வீட்டுக் கொல்லைப் பப்பாளியின் வழியே கிடைத்தது. 1956இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ், பப்பாளிப் பாலின் நொதியை முயல்களுக்குச் செலுத்தினார். விறைத்து நின்ற காதுகள் குருத்தெலும்பு இளகித் தொங்கிப்போயின. சில நாட்களில் மீண்டும் நிமிர்ந்தன. இதனைக் கண்டு, லைமன் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர் 1963இல் அவ்வின நொதியொன்றை மனிதனின் பிதுங்கிய தட்டில் செலுத்தினார். ஒவ்வாமை முதலிய இடர்களால் அம்முறை பிற்காலத்தில் வழக்கொழிந்தது. ஆனால் அவ்வூசி பெற்றோரின் குருதியில் கெரட்டான் சல்பேட்டு என்னும் பொருள் மிகுவதை 1989இல் வெளியான ஆய்வு காட்டியது. தட்டின் சிதைவு குருதியை வந்தடைகிறது என்பது உறுதியாயிற்று.

அத்துடன் ஒரு தடையும் புலப்பட்டது. முழங்கால் மூட்டின் குருத்தெலும்பிலும் அதே பொருள் உண்டு. கடிதம் வந்தது, அனுப்பியவர் முகவரி இல்லை. 1930இல் நியூயார்க்கில் கண்டறியப்பெற்ற சி-ரியாக்டிவ் புரதமும், பின்னர் வந்த இன்டர்லூகின்-6 போன்றவையும் அத்தகையனவே. உடலில் அழற்சி உண்டென்று சொல்லும், இன்ன இடத்தில் என்று சொல்லா.

தமிழகத்திலும் இவ்வாராய்ச்சி சிறப்புற நடந்துவருகிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரனும் குழுவினரும், குருதியில் செலுத்திய சாயம் எலும்பின் விளிம்புத் தகட்டைக் கடந்து தட்டினுள் ஊறுவதை 24 மணி நேரம் தொடர்ந்து படமெடுத்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். 2017இல் தட்டின் புரதங்களையே ஆராய்ந்தனர். எனினும் தட்டுத் தேய்வை உறுதிசெய்ய ஏற்றுக்கொள்ளப்பட்ட இரத்தப் பரிசோதனை இன்றளவும் இல்லை. பம்பாயிலோ சூரத்திலோ அத்தகைய சோதனை உண்டென்று எவரேனும் பணம் கேட்டால் நாம் கொடுக்க வேண்டுவதில்லை. காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் ஓயாத வலி ஆகியவற்றோடு முதுகு நோகுமாயின் நிலை வேறு. அப்போது மருத்துவர் எழுதித்தரும் இரத்தச் சோதனை, முதுகெலும்பைப் பற்றிய காசநோய் போன்ற தொற்றைக் கண்டறியத் துணைசெய்யும், அதனைத் தள்ளிப்போடலாகாது.