உலக முடிவில் ஒரு தோட்டம்

போன மாசம் விடிய முன்னமே கொத்மலையிலிருந்து கிளம்பி, நாங்க அஞ்சு பேர் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். நுழைவாயிலிலிருந்து ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நடை. புல்வெளி, பாசி படர்ந்த குட்டை மரக்காடு, அப்புறம் திடீர்னு தரையே இல்லை. 800 மீட்டருக்கும் மேலான பள்ளம். இதுதான் உலக முடிவு. மேலே மத்திய மாகாணம், கீழே சபரகமுவ.

மகா எலிய என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. 1834இல் இங்கே வந்த ஆங்கிலேயர்கள் ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டினார்கள். கோப்பிக்காக மலைக்காடுகள் அழிந்துகொண்டிருந்தபோது, 5000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாதீர்கள் என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் அரசுக்கு ஆலோசனை சொன்னார். அப்படி மிஞ்சிய காட்டின் தண்ணிதான் அக்ரா ஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயாவோட சேர்ந்து நம்ம நீர்த்தேக்கத்துக்கு வருது. இதே சமவெளியில் பிறக்கும் பெலிஹுல் ஓயாவோ தெற்கே வளவை கங்கைக்குப் போகுது.

பனிமூட்டம் விலகினதும் எட்டிப் பார்த்தோம். கீழே நொன்பரேல் தோட்டம். தேயிலை மலை, வரிசையா லயங்கள்.

துரைமாருக்கு உலகம் முடிஞ்ச இடத்துலதான் நம்ம சனங்க பிரட்டுக்குப் போய், கொழுந்து பறிச்சு, பிள்ளைகளை வளர்த்தாங்க. அவங்களுக்கு அது முடிவு இல்லை, வீடு. மேலே நின்னு பார்த்தவங்க வச்ச பேரைத்தான் நாமளும் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கோம்.

அடுத்த தடவை அந்தத் தோட்டத்துக்கே போகணும். அண்ணாந்து பார்த்து, அந்தப் பாறைக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்கன்னு அங்குள்ள பெரியவங்ககிட்ட கேட்கணும்.