இரண்டு சிறைகள், ஒரு பேராசிரியை: எதிர்ப்பு யாருக்குச் சொந்தம்?

எதிர்ப்பின் வரலாறு என்று நாம் வாசிக்கிற பிரதிகளில் பெரும்பாலானவை ஜெயித்தவர்கள் தொகுத்தவை. வீழ்ந்துபோன அதிகாரத்தை எதிர்த்தவர் அதில் தியாகி. ஜெயித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட அதிகாரத்தை எதிர்த்தவர் துரோகி. சரி, ஒரே ஆள் இரண்டையும் செய்திருந்தால் அவரை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது? செக் நாட்டு அதிகாரபூர்வ வரலாறு நாற்பது வருஷம் இதற்கு எளிதான வழி ஒன்று வைத்திருந்தது: பேரையே எடுத்துவிடுவது.

பிராகில் உள்ள பான்கிராட்ஸ் சிறை தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. ஜூலியஸ் பூசிக் 1943இல் அங்கே துண்டுத் தாள்களில் எழுதி வெளியே அனுப்பிய குறிப்புகள் நம் இடதுசாரி வாசிப்பில் ஊறிப்போனவை. பூசிக்கின் தியாகத்தில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தப் புத்தகத்திலேயே சில பகுதிகளை வெட்டித்தான் கட்சி அச்சிட்டது. முழு வடிவம் 1995இல்தான் வந்தது. தன் நாயகனையே வெட்டித் திருத்தியவர்கள், தங்களோடு ஒத்துவராதவர்களை என்ன செய்திருப்பார்கள்? அதே பான்கிராட்ஸில் அடைபட்ட ரூஷெனா வாட்ஸ்கோவாவை நாம் கேள்விப்படாமல் போனதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

வாட்ஸ்கோவா 1901இல் மொராவியாவின் வெல்கே மெஸிரிச்சி என்ற ஊரில் பிறந்தார். பிராகின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். கிரேக்க, ரோமானியத் தொல்லியலும் கலை வரலாறும் அவர் துறை. நாடக விமர்சனமும் எழுதினார். கல்விப்புலம் முழுக்க ஆண்கள் கையில் இருந்த காலத்தில் ஒரு பெண் அங்கே இடம்பிடித்தது சின்ன விஷயமில்லை.

1939 அக்டோபர் 28 ஆர்ப்பாட்டத்தில் சுடப்பட்ட யான் ஓப்லெதால் என்ற மருத்துவ மாணவர் நவம்பரில் இறந்தார். அவரது இறுதி ஊர்வலம் எதிர்ப்பு ஊர்வலமாகவே ஆகிவிட்டது. நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் உயர்கல்வி நிலையங்களை இழுத்து மூடினார்கள். மாணவர் அமைப்புகளைச் சேர்ந்த ஒன்பது பேரை விசாரணையில்லாமல் கொன்றார்கள். சுமார் 1,200 மாணவர்களை ஸாக்ஸன்ஹவ்ஸன் முகாமுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷத்துக்கு என்று சொல்லி மூடிய கதவு 1945 வரை திறக்கவில்லை. அடிமை இனத்துக்கு உயர்கல்வி என்னத்துக்கு என்பதுதான் இதன் உள்ளர்த்தம்.

வாட்ஸ்கோவா எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். அவருடைய சகோதரரை நாஜிகள் கொன்றார்கள். 1945 தொடக்கத்தில் அவரும் கைதானார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதை நிறைவேற்றுவதற்குள் போர் முடிந்துவிட்டதால் உயிர் தப்பினார்.

செவ்வியல் இலக்கியமும் கலையும் படித்த மனம் இயல்பாகவே கொடுங்கோன்மையை எதிர்க்கும் என்று ஒரு மனிதநேயக் கதையாடலை இங்கே கட்டிவிடத் தோன்றும். அது சரிப்பட்டு வராது. பண்டைய கிரேக்கத்தைத் தங்கள் இனத்தின் பாட்டன் சொத்தாக உரிமை கொண்டாடியவர்கள் நாஜிகள். அதற்கு அறிவுச் சான்றிதழ் எழுதிக் கொடுக்க ஜெர்மன் பேராசிரியர்கள் இருந்தார்கள். பிற்பாடு ஸ்டாலினியக் கட்டடக் கலையும் அதே தூண்களைத்தான் தூக்கி நிறுத்தியது. பளிங்குச் சிலை யார் பக்கமும் பேசும். படிப்பு ஆளை எதிர்ப்பாளராக்கிவிடாது. படித்ததை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

வாட்ஸ்கோவா போய் நின்ற இடத்தைப் பாருங்கள். போருக்குப் பிறகு பேராசிரியர் பதவி கிடைத்தது. சிறை மீண்டவர் என்ற மரியாதையும் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். 1948 பிப்ரவரி 25 அன்று, கம்யூனிஸ்ட் கட்சி அதிகாரத்தைக் கைப்பற்றிய நாளில், மாணவர்கள் ஜனாதிபதி மாளிகை இருந்த பிராக் கோட்டையை நோக்கி ஊர்வலம் போனார்கள். நெருதா தெருவில் போலீஸ் மறித்தது. அந்த மாணவர்களோடு நடந்த ஒரே பேராசிரியராக இன்று நினைவுகூரப்படுபவர் வாட்ஸ்கோவா. பிறகு ஊர்வலத்தில் போன மாணவர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க முனைந்தபோது, அதுதான் அளவுகோல் என்றால் தானும் அங்கே இருந்தவள்தான், தன்னையும் நீக்குங்கள் என்றார்.

1952இல் கைது. பாதிரியார் ஓட்டோ மாதர் முதலியோர் மீதான வழக்கில் அவரும் சேர்க்கப்பட்டார். தேசத்துரோகம், வத்திக்கானுக்கு உளவு என்று குற்றச்சாட்டு. அவருக்கு 22 வருஷம். நாஜிகளிடம் சிறைப்பட்ட மிலாதா ஹோராக்கோவாவை இதே பான்கிராட்ஸில் 1950இல் தூக்கிலிட்டிருந்தார்கள். நாஜி எதிர்ப்பு என்பது புதிய ஆட்சியில் ஒரு பாதுகாப்பாக இல்லை. எதிர்க்கத் தெரிந்தவள் என்பதே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று.

பார்துபிட்ஸெ பெண்கள் சிறையில் தனிப் பிரிவுகள் இருந்தன. கன்னியாஸ்திரீகள் இருந்த பகுதிக்கு 'வத்திக்கான்' என்று பேர். படித்த அரசியல் கைதிகளை அடைத்த பகுதிக்குப் பேர் 'கோட்டை'! கோட்டையை நோக்கி நடந்தவரை இந்தக் கோட்டையில் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே அவர் சக கைதிகளுக்குக் கலை வரலாறு நடத்தினார். புத்தகம் இல்லை, படம் இல்லை. நினைவிலிருந்து சொல்ல வேண்டும். கேட்பவர்கள் மனதில் சிலையைச் செதுக்கிக்கொள்ள வேண்டும். மற்ற பெண்கள் திருட்டுத்தனமாக எடுத்து மறைத்து வைத்த குறிப்புகள் ஆட்சி மாறிய பின் புத்தகமாயின. நாஜிகள் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். இவர்கள் பேராசிரியரை மூடினார்கள். பாடம் மட்டும் நிற்கவில்லை.

1967இல் விடுதலையானபோது வயது 66. பத்து வருஷம் கழித்து சாசனம் 77இல் கையெழுத்துப் போட்டார். 1982இல் இறந்தார்.

1989க்குப் பிறகு அரசு விருது, நூல்கள் எல்லாம் வந்தன. இப்போது அவரைக் கம்யூனிச எதிர்ப்பின் புனிதராக்கும் வேலை நடக்கிறது. இதுவும் ஒரு வெட்டுதான். அவரை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் இன்னொரு சிறை மறைந்துபோகும். இடதுசாரிகளான நாம் அவரை வாசிக்கத் தயங்குவதும் அதே கணக்கில்தான் சேரும். 'நம்முடைய' அதிகாரம் அடித்தால் அது அடியில்லை என்று நம்புகிறவர்களுக்கு, எதிரியின் சிறையைப் பற்றிப் பேசும் அருகதை எங்கிருந்து வரும்? பூசிக்கை எடுத்து வைத்த அலமாரியில் வாட்ஸ்கோவாவுக்கும் இடம் போட வேண்டும். இரண்டு பேரையும் ஒரே சிறையின் பெயரால் சேர்த்து வாசிக்க முடிந்தால்தான் பூசிக்கையும் நாம் ஒழுங்காக வாசித்தவர்களாவோம்.