சேலத்து இரும்பும் நெய்வேலிக் கரியும்

சேலத்துக்கு மேற்கே உள்ள கஞ்சமலையின் தாதுப்பாறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இரும்பு. ஒவ்வொரு மழைக்கும் ஓடைகள் அந்தப் பாறையின் தூளை அடித்து வந்து சமவெளியில் கருமணலாகப் படியவிடும். கொல்லர்கள் அதை அள்ளி, தண்ணீரில் அலசி, மண்ணுலையில் மரக்கரி போட்டு உருக்கினார்கள். சுரங்கம் தோண்டும் வேலையை மழைவெள்ளமே முடித்துக் கொடுத்திருந்தது. தட்டுப்பாடு தாதுவுக்கு இல்லை, எரிபொருளுக்குத்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் அதிகாரியாக இருந்த ஜோசியா மார்ஷல் ஹீத், 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறை ஊதுலை அமைத்தபோது இது வெட்டவெளிச்சமானது. சேலத்துத் தாது கடற்கரை வரை போனது. வார்ப்பிரும்பு இங்கிலாந்துக்கும் கப்பலேறியது. உலையின் பசிக்கு மட்டும் காடுகள் ஈடுகொடுக்கவில்லை. வெட்ட வெட்ட விறகு எட்டாத் தூரத்துக்குப் போனது, கரியின் விலை ஏறியது. 1870களுக்குள் அந்தத் தொழில் அணைந்துவிட்டது. ஹீத் தொழில் தெரியாதவர் அல்லர். உருக்கு செய்யும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றவர் அவர்.

மரக்கரிக்கு மாற்றான நிலக்கரியோ, சேலம், நாமக்கல் சமவெளியில் எத்தனை துளை போட்டாலும் கிடைக்காது. அடியில் இருப்பவை மரம் செடிகள் தோன்றுவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் முந்திய பாறைகள். இந்தப் பகுதியை ஆராய்ந்து வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் 1864இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதே கிங் 1871இல் நிலக்கரி கண்டது இங்கே அல்ல, கோதாவரிப் பக்கம் சிங்கரேணிப் படுகையில்.

தமிழ்நாட்டில் கரி அகப்பட்டது தண்ணீர் தேடிய இடத்தில். 1934இல் தென்னார்க்காடு மாவட்டம் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது, பீறிட்ட ஊற்றுநீரோடு கரிய துகள்களும் வந்தன. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை துளையிட்டுப் பார்த்தது. பிறகு சென்னை மாகாண அரசும் வேலையைத் தொடர்ந்தது. தரையிலிருந்து ஐம்பது, அறுபது மீட்டருக்குக் கீழே பழுப்பு நிலக்கரிப் படுகை பரந்து கிடந்தது. அதற்கும் அடியில், அழுத்தத்தோடு அடைபட்ட நீர்ப்படுகை ஒன்று இருந்ததையும் துளைகள் காட்டிக்கொடுத்தன.

பெரிய சிக்கல் அந்த நீர்தான். அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தியது. மேலே உள்ள மண்ணின் கனம்தான் அதை அடக்கி வைத்திருந்தது. மண்ணை அகற்றினால் பொங்கும் உலையின் மூடியைத் திறந்த கதையாகிவிடும்: கரிப்படுகை வெடித்துக் குழி முழுதும் வெள்ளமாகும். ஆகவே கரியைத் தொடுவதற்கு முன்பே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. இது நடக்கிற காரியமா என்று பார்க்கவே 1950களின் தொடக்கத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டினார்கள். 1954இல் பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனத்திடம் திட்ட அறிக்கை கேட்கப்பட்டது. 1956 நவம்பரில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவாகி, 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட 1961 ஆகஸ்டு ஆகிவிட்டது. ஒரு டன் கரிக்குப் பத்து டன்னுக்கும் மேல் தண்ணீர் இறைத்த காலமும் உண்டு.

வானத்து நீர் இன்னொரு தலைவலி. சுரங்கம் திறந்தவெளிக் குழி; வடகிழக்குப் பருவமழை நேரே அதற்குள் இறங்கும். வெளிவெள்ளம் புகாதபடி விளிம்பில் கால்வாய். உள்ளே விழுந்த நீரைத் தாழ்ந்த குட்டைகளில் சேர்த்து மேலே ஏற்றப் பம்புகள். இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும், இன்னொரு பகுதி பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் போகிறது. சுற்றுவட்டார விவசாயிகளோ, தங்கள் கிணற்றில் நீர்மட்டம் இறங்குகிறது, மழைக்காலத்தில் வயலில் வெள்ளம் நிற்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இந்தக் கரியை வைத்துச் சேலத்துத் தாதுவை உருக்கலாம் என்ற எண்ணம் 1950களிலும் 60களிலும் பலமாக இருந்தது. ஆனால் நெய்வேலிக் கரியின் எடையில் பாதி ஈரம். ஊதுலைக்கு வேண்டிய கோக் அதிலிருந்து கிடைக்காது. தொலைவுக்கு ஏற்றிச் செல்வதும் கட்டுபடியாகாது. சுரங்க வாசலிலேயே எரித்து மின்சாரமாக்குவதுதான் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. சேலம் உருக்காலைக்கான கோரிக்கை அரசியலில் வளர்ந்தது; 1970 ஏப்ரலில் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தார், செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வாங்கிய எவர்சில்வர் சுருள்களைத் தகடாக உருட்டும் ஆலையாகவே அது இருந்தது. 2010இல் வந்த உருக்குக் கூடமும் மின்வில் உலையில் பழைய இரும்பையும் ஃபெர்ரோகுரோமையும் உருக்குவது. அதற்குக் கஞ்சமலைத் தாது தேவைப்படவில்லை.