பக்கத்து மேஜை

புது உத்தியோகத்தில் சேருகிறவன் முதல் நாள் பக்கத்து மேஜைக்காரரைத்தான் நாடுகிறான். மேலதிகாரிக்கு எது பிடிக்காது, நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்ற சூட்சுமமெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வீட்டிலேயே உத்தியோகம் என்றால் பக்கத்து மேஜைக்கு எங்கே போவது?

திருவண்ணாமலையில் இந்தச் சங்கடத்தைச் சந்தித்த ஒருவரைப் பற்றி நான் படித்திருக்கிறேன். ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர். யுத்த காலத்தில் பாங்காக்கில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தார். மனைவி லூசியாவும் மூன்று குழந்தைகளும் முன்பே இவ்வூரில் குடியேறியிருந்தார்கள். 1945-ல் விடுதலையாகி அவர்களிடம் வந்து சேர்ந்தார். பிழைப்புக்காகச் சென்னையில் பத்திரிகை வேலை, கல்கத்தாவில் பள்ளித் தலைமையாசிரியர் வேலை. 1958-ல் மறுபடியும் மலையடிவாரத்துக்கே திரும்பினார்.

1964 ஜனவரியில் ரமணாசிரமத்தின் ஆங்கிலக் காலாண்டிதழான ‘மவுண்டன் பாத்’ பிறந்தது. ஆசிரியர் ஆஸ்பர்ன், வயது 57. சென்னைப் பத்திரிகையில் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். இங்கேயோ வீடு, காகிதம், தபால்காரர். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கங்கள் நிரம்பியாக வேண்டுமே! என்ன செய்தார் தெரியுமா? தாமே பல பேரானார். அப்துல்லா குத்புத்தீன் என்பதும் அவர்தான். வேறு புனைபெயர்களும் உண்டு. பொருளடக்கத்தைப் பார்த்தவர்கள் பெரிய காரியாலயம் என்றே எண்ணியிருப்பார்கள்.

ஆனால், எழுதியது சரிதானா என்று கேட்டால் புனைபெயர்கள் பதில் சொல்லுமா? வீட்டு உத்தியோகத்தின் மெய்யான கஷ்டம் அதுதான்.

1970-ல் ஆஸ்பர்ன் காலமானார். அவருக்குப்பின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றவர் லூசியா. அந்த வீட்டிலும் ஒரு பக்கத்து மேஜை இருந்துதான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.